பிள்ளையார் சுழியோடு ஒரு ஜனாதிபதி வேட்பாளர்

என் அப்பாவுக்கு அமெரிக்காவில் வாக்கு இல்லை. வீடு வாசல் இல்லை, சொந்தக்காரர் என்று சொல்ல ஒரு குருவி கூட இல்லை. நாங்கள் குடும்பமாக அந்த நாட்டுக்குப் போனது மூன்றே மூன்று தரம். மூன்று தரமும் நயாகராவுக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி, கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, பொழுதுபடுவதற்கு முன்னமே திரும்பிவிட்டோம். ஆனால் அந்த நாட்டை அடுத்து யார் ஆளவேண்டும் என்பதை அப்பா கனடாவில், ஸ்காபரோவில் இருந்தபடியே முடிவு செய்துவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் எத்தனையோ காலம் கிடக்கிறது. தான் போட்டியிடுவதாக யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதெல்லாம் அப்பாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் ஒரு மாநில ஆளுநர், மற்றப் பக்கம் ஒரு செனட்டர். இந்த இரண்டு பேரும்தான் கடைசியில் மோதுவார்கள் என்று அவர் எப்போதோ தீர்த்துவிட்டார். ஆளுநர் நெடுநெடுவென்று வளர்ந்தவர், ஆகவே எங்கள் வீட்டில் அவர் பெயர் நெட்டையர். செனட்டர் மைக்குக்குப் பின்னால் பலகை ஏதாவது போட்டு ஏறி நிற்கிறாரோ என்று சந்தேகம் வரும் உயரம், ஆகவே கட்டையர். இருவருடைய சொந்தப் பெயரும் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா கட்டையர் பக்கம். காரணம் கேட்டால் வரி, மருத்துவம், வெளிநாட்டுக் கொள்கை என்று தொடங்குவார். அப்பாவின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்பதை மட்டும் நான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கனடாவில் அவருக்கு வாக்கு உண்டு. அதைப் போட வைப்பதற்கு அம்மா ஒவ்வொரு முறையும் அவரைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். “இஞ்ச ஆர் வந்தாலும் குளிர் குளிர்தானே” என்பார். அதே மனிதர் நெட்டையருக்கு எந்த மாநிலத்தில் எத்தனை பேர் வாக்குப் போடுவார்கள் என்று சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு விரல் மடிப்பார்.

“இஞ்சருங்கோ” என்று அம்மா ஒருநாள் கேட்டார். “தாங்கள் தேர்தலில கேக்கப்போறம் எண்டு அந்த ரண்டு பேருக்கும் தெரியுமோ? இல்லாட்டி நீங்கள் ஒருக்கா போன் பண்ணிச் சொல்லிவிடுங்கோவன்.”

அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். அரசியல் தெரியாதவர்களோடு அவர் வாதாடுவதில்லை.

இனி என் கதை. எனக்கு வயது முப்பத்தேழு. பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் ஆட்களின் பல்லைச் சுத்தம் செய்யும் வேலை. நாள் முழுக்க வாயைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசமுடியாமல் கிடக்கிறவர்களோடு இருந்துவிட்டு, பின்னேரம் வாயை மூடத் தெரியாத ஒருவரிடம் வந்து சேர்வேன். சோபாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். அவர் நெட்டையர், கட்டையர் பற்றி அன்றைய செய்தியைச் சொல்லுவார். கல்யாணப் பேச்சுகள் ஏழு வந்து ஏழும் சாதகத்தில் முறிந்த பிறகு என் பின்னேரங்கள் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தன.

எட்டாவது ஆளை நானே பிடித்தேன். சரியாகச் சொன்னால் லிஃப்ட் பிடித்துக் கொடுத்தது. எங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான் ஒருத்தி. நான் போட்ட சத்தத்தில் கட்டடம் இடிந்து விழாதது பெரிய விசயம். வெளியில் இருந்து ஒரு தமிழ்க் குரல், “அக்கா, கத்தாதேங்கோ. லிஃப்டுக்குக் காது கேக்காது” என்றது. கதவு திறந்ததும் ஆளைப் பார்த்தேன். என்னிலும் இரண்டு வயதாவது மூத்தவர். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. “ஆருக்கு ஆர் அக்கா?” என்று கேட்டேன். அடுத்த கிழமை அவர் மன்னிப்புக் கேட்க ஒரு கோப்பியோடு வந்தார். அதற்கு அடுத்த கிழமை லிஃப்டில் பழுது எதுவும் இல்லாமலே வந்தார்.

அவர் லிஃப்ட் திருத்துகிறவர். கொஞ்சம் தள்ளி, விட்பி நகரத்தில் தனியாக இருக்கிறார். தாயும் தகப்பனும் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் அகதியாகக் கனடாவுக்கு வரும் வழியில், எல்லையில் விசாரணைக்குத் தவணை கிடைக்கும் வரைக்கும் பஃபலோவில் காத்துக்கொண்டிருந்தபோது இவர் அவசரப்பட்டுப் பிறந்துவிட்டார். மூன்று கிழமைக் குழந்தையாகப் பாலம் கடந்து கனடாவுக்கு வந்தவர்.

இந்தக் கதையை முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா சுட்ட கடலை வடையைக் கடித்துக்கொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார். அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“அப்ப நீர் பிறப்பால அமெரிக்கன்!”

“ஓம் அங்கிள், பாஸ்போட் கிடக்கு.”

“வயசும் முப்பத்தஞ்சு தாண்டியிட்டுது. சட்டப்படி பார்த்தா நீரே ஜனாதிபதித் தேர்தலில நிக்கலாம்!” என்றவர், உடனே முகம் வாடி, “இல்லை. பதினாலு வருசம் அங்க இருந்திருக்க வேணும். நீர் இருந்தது மூண்டு கிழமை” என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். “பரவாயில்லை, வோட்டு இருக்குத்தானே. போன தேர்தலில ஆருக்குப் போட்டனீர்?”

“நான் ஒருநாளும் போட்டதில்லை அங்கிள்.”

அப்பா மெல்லக் கதிரையில் இருந்தார். அப்பாவுக்குத் தெரிந்த ஆட்களுக்குள் அமெரிக்காவில் வாக்குள்ள ஒரே மனிதர் தன் வீட்டுச் சோபாவில் வந்து இருந்து, போட்டதில்லை என்று சொல்கிறார். பிரம்படி வாங்கிய முகம் அது. கொஞ்சம் தேறியபின், “சரி, நெட்டையரும் கட்டையரும் வந்தா ஆருக்குப் போடுவீர்?” என்று கேட்டார்.

“ஆர் அங்கிள் அவை?”

அதன் பிறகு அப்பா அன்றைக்கு அதிகம் கதைக்கவில்லை. வந்தவர் போனபின் அம்மாவிடம், “பொடியன் நல்லவன்தான். ஆனா பொறுப்பில்லை” என்றார்.

அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாவுக்கு ஒரே கவலைதான். “சாதகம் பொருந்தினா எனக்கு ஒரு கதையுமில்லை. பொருந்தாட்டியும் ஒரு கதையுமில்லை” என்று சொல்லிவிட்டார்.

முப்பத்தேழு வயதில் அம்மாவின் சம்மதம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. என் சிநேகிதிகளும் கேட்டார்கள். நான் தயார்தான். அவர்தான் மாட்டேன் என்றார். “எனக்கு அம்மா இல்லை. அழுதுகொண்டிருக்கிற ஒரு அம்மாவைத் தாண்டி உம்மைக் கூட்டிக்கொண்டு போக என்னால ஏலாது. அன்ரி மனசோட ஓம் எண்டா வாறன். இல்லாட்டி வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது எனக்கு அவரில் இன்னும் பத்து மடங்கு ஆசை வந்தது. அதனால் என் வாழ்க்கை முழுவதும் ஒரு சாதகக் குறிப்பில் போய் நின்றது.

எங்கள் சாத்திரியார் ஊரில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் கொம்பியூட்டர் வைத்துச் சாதகம் பார்க்கிறார். கெட்டிக்காரர்தான், ஆனால் வாய் நிற்காது. அவரிடம் ஒரு மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னால் சனிக்கிழமைக்குள் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை யாராவது அதைக் குழப்பிவிடுவார்கள். ஆகவே பெயர் எழுதாமல், பிறந்த நாளும் நேரமும் இடமும் மட்டும் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கும்படி அம்மா அப்பாவுக்குச் சொன்னார். எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். பொருத்தம் சரிவரும் மட்டும் பெயர் வெளியே போகாது.

அப்பா அப்படியே செய்தார். ஆனால் சாத்திரியாரிடம் போகிறபோது சும்மா போவானேன் என்று ஒரு யோசனை அவருக்கு வந்திருக்கிறது. அப்பாவும் கூட்டாளிகளும் கூடிக் கதைக்கும் கோப்பிக் கடைச் சபையில் நெட்டையர் கட்சி மிஞ்சிக்கொண்டு வந்த காலம் அது. நெட்டையர், கட்டையர் இருவரின் பிறந்த நாளையும் ஊரையும் இன்டர்நெட்டில் எடுத்து, பிறந்த நேரத்தைத் தன் சொந்தப் பொறுப்பில் நிர்ணயித்து, அவர்களுக்கும் துண்டு எழுதினார். அமெரிக்கருக்குச் சாதகம் பார்க்கிறார் என்று தெரிந்தால் அம்மா உரித்துவிடுவார் என்பதால் அவற்றிலும் பெயர் எழுதவில்லை. காகிதத்தில் கை வைத்தால் முதலில் பிள்ளையார் சுழி போடுவது அவருடைய பழக்கம். நான்கு துண்டிலும் சுழி போட்டார். அப்படியாக நெட்டையர், கட்டையர், நான், அவர், நான்கு பேரும் ஒரே எழுத்தில், பெயர் இல்லாமல், பிள்ளையாரின் பாதுகாப்பில் இரண்டு கடித உறைகளுக்குள் போனோம். ஒன்று கல்யாணத்துக்கு. மற்றது, யார் தேர்தலில் வெல்லுவார் என்று பார்க்க.

புதன்கிழமை மத்தியானம் சாத்திரியார் வீட்டுக்குப் போன் எடுத்தார். எனக்கு அன்று லீவு. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, மனம் நோகாதேங்கோ. பெடியன் சாமானியப்பட்ட ஆளில்லை. எங்க போனாலும் சனக்கூட்டம் சுத்தி நிக்கும். ஆனா நாக்குச் சரியில்லை. காலமை ஒண்டு சொல்லுவார், பின்னேரம் வேறொண்டு சொல்லுவார். வழக்கு, கோர்ட் எண்டு இருக்கும். வீட்டில தங்கமாட்டார், சரியான அலைச்சல். வயசு வித்தியாசத்தை விடுவம். எனக்குத் தெரிய இவருக்கு ஏற்கெனவே ஒரு கலியாணம் நடந்து முறிஞ்சிருக்க வேணும். பத்துப் பொருத்தத்தில ரண்டுதான் கிடக்கு.”

அம்மா போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“லிஃப்ட் திருத்துறவருக்கு என்னம்மா சனக்கூட்டம்?”

“லிஃப்ட் நிண்டா சனம் கூடும்தானே.”

“வழக்கு?”

“ஆராவது லிஃப்டுக்குள்ள விழுந்தா வழக்குத்தான்.”

“வீட்டில தங்கமாட்டாராம். அது?”

“விட்பியில இருந்து மார்க்கத்துக்கு வேலைக்கு வாறவர் எப்ப வீட்டில தங்குறது?”

சாத்திரியார் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அம்மாவிடம் ஒரு விளக்கம் இருந்தது. கடைசியாக, “அப்ப முறிஞ்ச கலியாணம்?” என்று கத்தினேன்.

அம்மா கத்தவில்லை. “அதைத்தான் பிள்ளை உன்னட்டை மறைச்சிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் போன் எடுத்தபோது, என் வாயில் வந்த முதல் கேள்வி, “நீர் முந்திக் கலியாணம் கட்டினனீரோ?” என்பதுதான்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். “இதை அன்ரி கேக்கிறாவோ, நீர் கேக்கிறீரோ?” என்றார்.

நான் பதில் சொல்வதற்கு எடுத்த நேரம் மூன்று விநாடிகூட இருக்காது. அது போதும். “சரி. நீங்கள் எல்லாரும் யோசிச்சு ஒரு முடிவு சொல்லுங்கோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. எனக்கும் எடுக்க முகம் இல்லை.

அன்று பின்னேரம் அப்பா மற்ற உறையின் பலன் அடித்த காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் எழவு விழுந்த மாதிரி நானும் அம்மாவும் ஆளுக்கொரு மூலையில் இருக்க, அவர் நடுவில் நின்று தன் துக்கத்தைச் சொன்னார்.

“கட்டையர் தோக்கப்போறாராம். நெட்டையருக்குக் கிட்ட நிக்க ஏலாதாம். போட்டி எண்டாலே பிடிக்காத சாதகமாம். ஒருத்தரையும் தள்ளிவிட்டு முன்னுக்குப் போகமாட்டாராம். சொன்ன சொல் மாறமாட்டாராம். வலு நல்லாச் சமைப்பாராம். மனுசிக்குப் பக்கத்தில வீட்டோட இருக்கிற ஆளாம். ‘அண்ணை, இது தங்கமான மனுசன். ஒரு நாட்டையும் ஆளமாட்டான்’ எண்டு சாத்திரியார் முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார்.”

“விசரே உங்களுக்கு!” என்று அம்மா பாய்ந்தார். “பிள்ளையின்ர கலியாணம் முறிஞ்சு கிடக்கு, நீங்கள் அமெரிக்காக்காரனுக்குச் சாதகம் பாத்துக்கொண்டு திரியிறியளோ?”

அப்பா அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டு அறைக்குள் போனார். அடுத்த நாளிலிருந்து நெட்டையரைப் பற்றியும் பேச்சில்லை, கட்டையரைப் பற்றியும் பேச்சில்லை. நான் வேலையால் வந்தால் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, செய்தியைக்கூடப் போடாமல் பேசாமல் இருந்தார். என் கவலையைப் பார்த்து மனிதர் உடைந்துபோய்விட்டார் என்று நினைத்து நான் அவருக்காகவும் சேர்த்து அழுதேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை காலை, என் காரை எடுக்க அப்பாவின் காரைப் பின்னால் எடுக்கவேண்டியிருந்தது. அவர் கோப்பிக் கடைக்கு நடந்து போய்விட்டார். கார்த் திறப்பைத் தேடி அவருடைய பழைய ஜக்கெட் பையில் கை விட்டேன். சாத்திரியாரின் கொம்பியூட்டர் அடித்த அந்தக் காகிதம் வந்தது. கட்டையரின் சாதகம். தூக்கிப் போடப் போனவள் பிறந்த தேதியைக் கண்டேன். அது லிஃப்ட் திருத்துகிறவரின் பிறந்தநாளுக்கு நான் ஒரு கேக் வாங்கி, அதில் அவர் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று கடைக்காரியோடு சண்டை பிடித்த நாள். அதற்குக் கீழே பிறந்த இடம் பஃபலோ என்று இருந்தது. பஃபலோவுக்குக் கீழே நீல மையால் ஒரு கோடு. அப்பா போட்ட கோடு.

முதலில் எனக்கு விளங்கியது துண்டு மாறிய விசயம். என்னைக் கட்ட இருந்தவர் நெட்டையரோடு தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். எனக்குப் பொருத்தம் பார்த்தது கட்டையரோடு. அதை நினைத்துத் தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் அந்தக் கோடு உறைத்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒன்பது நாளும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறார்.

கோப்பிக் கடை பிளாசாவின் மூலையில் இருக்கிறது. உள்ளே யன்னலோரம் நான்கு பேர். நான் போன வேகத்தில் கதவு திரும்பி வந்து அடித்தது. காகிதத்தை மேசையில் வைத்து, கோட்டின் மேல் விரலை வைத்தேன்.

“இது என்னப்பா?”

அப்பா என்னைப் பார்க்காமல் கோப்பியைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் காகிதத்துக்கு மேல் குனிந்தார்கள். நான் பொறுமையில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு மாறியதை, அம்மாவின் அழுகையை, அவர் போனை வைத்ததை, அந்நியர்கள் என்றுகூடப் பார்க்காமல் சொன்னேன். அவர்களில் ஒருவர், கொழும்பிலிருந்து வந்து இங்கே தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லாரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர், அந்த மேசையின் நெட்டையர் கட்சித் தலைவர். அவர் முகம் மாறியது.

“அப்ப கட்டையர் தோக்கல்லயா?” என்றார்.

“அதுதானே! அப்ப சாத்திரம் எங்களுக்குச் சாதகம்!” என்று கட்டையர் பக்கம் நிற்கும் இன்னொருவர் துள்ளினார்.

“எப்பிடிச் சாதகம்? நெட்டையர் வென்றது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. அது வெற்றியிலயே சேத்தியில்லை” என்றார் மூன்றாமவர்.

ஒரு நிமிடத்தில் மேசை முழுக்கத் தேர்தல் ஆகிவிட்டது. நான் மேசையில் ஓங்கி அடித்தேன். கோப்பிகள் தளும்பின. ஹாஜியார்தான் முதலில் வெட்கப்பட்டார். “எலக்ஷன் கெடக்கட்டும். புள்ளட வாழ்க்கை இது. நீங்க எழும்பி வீட்ட போய், தங்கச்சிக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க” என்று அப்பாவின் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

வீட்டில் அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா கத்திக்கு எட்டாத தூரத்தில் நின்று சொன்னார். அம்மா கடைசி வரைக்கும் வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கேள்விகள் வந்தன.

“அப்ப நாங்கள் பொருத்தம் பாத்தது உந்தக் கட்டையரையோ?”

“ஓம்.”

“அந்தாளுக்குக் கலியாணம் முறிஞ்சதோ?”

“ஒருக்கா முறிஞ்சது.”

“வழக்கு?”

“ரண்டு நடக்குது.”

“காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு சொல்லுறவரோ?”

அப்பா தயங்கினார். தன் தலைவரைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “அரசியல்வாதிதானே” என்றார்.

அம்மாவின் கண்கள் விரிந்தன. “அட கடவுளே! சாத்திரியார் அச்சொட்டாச் சொல்லியிருக்கிறாரப்பா!” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாத்திரியாரின் மதிப்பு அம்மாவிடம் ஒரேயடியாக உயர்ந்துவிட்டது. அதே வேகத்தில், “மற்றக் காகிதத்தைத் தாங்கோ” என்று வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். சொல் மாறமாட்டார். சமைப்பார். வீட்டோட இருப்பார். ஒருத்தரையும் தள்ளிவிடமாட்டார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

“இனி சரியான துண்டைக் குடுத்துப் பொருத்தம் பாப்பமோ?” என்று நான் பயந்து பயந்து கேட்டேன்.

“என்னத்துக்கு? கலியாணம் எண்டு தெரிஞ்சா ஆரும் கூட்டியும் சொல்லுவினம், குறைச்சும் சொல்லுவினம். இது ஆரெண்டு தெரியாமல் சொன்னது. உதுக்கு மேல என்ன பொருத்தம்?” என்ற அம்மா, கத்தரிக்காய்க் கையோடு என் போனை வாங்கினார். “தம்பி, நான் அன்ரி கதைக்கிறன். எங்களில பெரிய பிழை நடந்து போச்சு. நீங்கள் நல்லாச் சமைப்பியளாம் எண்டு சாத்திரியார் சொல்லுறார். நாளைக்கு வந்து சமையுங்கோ, பாப்பம்.”

மறுபக்கத்தில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மா சிரித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். “நீரும் ஒருக்கா ஸாரி சொல்லும்” என்றது அவர் குரல். நான் சொன்னேன். ஒன்பது நாளாக அடக்கிவைத்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்ததில் அவருக்கு அது விளங்கியிருக்குமோ தெரியாது.

அம்மா அப்பாவை விடவில்லை. துண்டு மாறியது பிழை, மாறியது தெரிந்த பிறகும் ஏன் வாய் திறக்கவில்லை என்று பிடித்துக்கொண்டார். கோப்பிக் கடையில் தன் மரியாதை போய்விடும் என்று பயந்ததாக அப்பா சொன்னார். அம்மா நம்பினார். நான் நம்பவில்லை. அப்பாவுக்கு அந்தக் கடையில் அப்படி ஒரு மரியாதை இருந்ததை நான் கண்டதே இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு ஸ்னோ கொட்டியது. அப்பா ஸ்னோ தள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வாசலைத் துப்புரவாக்கப் போனார். நானும் மற்றச் சவளோடு போனேன். இருவருமாகப் பாதி வழி தள்ளினோம்.

“ஏனப்பா?” என்று கேட்டேன்.

அவர் தள்ளுவதை நிறுத்தவில்லை. “அம்மா ஒரு சொல்லிலயே விளங்கிக்கொண்டு எழும்பிப் போயிடுவா. கோப்பிக் கடையில எல்லாரும் சொல்லுறவைதான், கேக்கிறவை ஒருத்தரும் இல்லை. நீ ஒருத்திதான் பக்கத்தில இருந்து நான் சொல்லி முடியும் மட்டும் கேக்கிறனி. விட்பிக்குப் போயிட்டா...” என்று நிறுத்தினார். “எப்பிடியும் ஒரு கிழமையால சொல்லத்தான் இருந்தனான். ஒரு கிழமை கூட இருக்கட்டும் எண்டு நினைச்சிட்டன். ஆனா உன்ர முகத்தைப் பாத்து ஒரு சொல்லும் கதைக்க ஏலாமல் போச்சு. பெரிய பிழைதான் பிள்ளை.”

நான் அவரைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. காரணம் இதுதான். அவர் சொன்னதை நான் கேட்டதில்லை. இத்தனை வருடமும் அவர் பக்கத்தில் இருந்தேன், தலையை ஆட்டினேன், ‘ஓம் அப்பா’ சொன்னேன். அவர் இருக்காத பக்கத்துக் காதில் இயர்போன் இருந்தது. தலைமயிர் அதை மூடியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“சரி, கட்டையர் இப்ப தோக்கேல்லைத்தானே” என்றேன். “அவர் எப்பிடி வெல்லுவார்? சொல்லுங்கோ.”

அப்பா சவளின் நுனியால் ஸ்னோவில் மாநிலங்களைக் கீறத் தொடங்கினார். மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று. இது கட்டையருக்கு, இது நெட்டையருக்கு, இது இழுபறி. நான் முதல் தடவையாகக் கவனித்துக் கேட்டேன். நான்காவது மாநிலத்தில் எனக்கு ஏதோ இடித்தது.

“பொறுங்கோ அப்பா, உது பிழை. அங்கதானே நெட்டையர் ஆளுநரா இருக்கிறார்? அவரின்ர சொந்த மாநிலத்தில கட்டையர் எப்பிடி வெல்லுறது?”

அப்பா சவளை ஸ்னோவில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா திட்டியபோதும், ஹாஜியார் தொப்பியைக் கொடுத்தபோதும் கலங்காத கண் அப்போது கலங்கியது.

“இவ்வளவு வருசத்தில பிள்ளை, நீ ஒரு கேள்வி கேட்டது இண்டைக்குத்தான்” என்றார்.